சவரியை மேலே கொண்டுவந்த திமிங்கலம்

ரோசி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆடி மாதத்துக் காற்று ராயபுரத்துத் தெரு மணலையெல்லாம் வாரி அவள் புடவையில் கொட்டிக்கொண்டிருந்தது. உச்சி வெயில். நான் அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வா என்றேன். வரவில்லை.

"அண்ணே, நீதானே அவர உள்ளாற எறக்கினே. நீயே மேல ஏத்திடு" என்றாள்.

அழவில்லை. பக்கத்து வீட்டில் முறம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

ரோசி என் தங்கை. அவள் புருஷன் சவரிமுத்து காசிமேட்டில் கட்டுமரக்காரன். முந்தின நாள் விடியுமுன் கூட்டாளி சூசையோடு கடலுக்குப் போயிருந்தான். போன கொஞ்ச நேரத்தில் கச்சான் வலுத்துவிட்டது. கச்சான் என்பது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற மேல்காற்று. அது பிடித்துக்கொண்டால் மரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. மற்ற மரங்களெல்லாம் தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. சவரியின் மரம் மட்டும் வரவில்லை. ஒரு ராத்திரி கழிந்து மறுநாள் மத்தியானமும் ஆகிவிட்டது.

தேடுவதற்கு ஆட்கள் போயிருந்தார்கள். ரோசி அதற்காக என்னிடம் வரவில்லை. அவள் மேலே ஏற்றச் சொன்னது என் தொடர்கதையில் கடலடியில் மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு சவரியை.

பெயர் கொடுத்தவன்

என் கதைகளைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறவர்கள்கூட ‘ஏழாவது ஆழம்’ என்ற அந்தத் தொடர்கதையைச் சொன்னதும் முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவு கறாராகப் போய்க்கொண்டிருந்த விஞ்ஞானக் கதையில் திடீரென்று ஒரு திமிங்கலம் எங்கிருந்து வந்து குதித்தது என்று கேட்டு இன்றைக்கும் கடிதம் வருகிறது. அந்த வாரம் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவர் அக்கறையோடு விசாரித்திருந்தார். இத்தனை வருஷமாக யாருக்கும் பதில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எண்ணூருக்கு நேர் கிழக்கே, கடலின் அடியில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது என்னவென்று பார்த்துவர திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் ‘இரும்பு மீன்’ என்ற நீர்மூழ்கியைச் செய்து இறக்குகிறார்கள். கதை அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் அதன் கேப்டனுக்கு விஜயேந்திரன் என்று பெயர் வைத்திருந்தேன்.

காசிமேட்டில் சாயங்காலம் வலை பழுது பார்க்கும்போது எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராவது பத்திரிகையை உரக்க வாசிப்பார்கள். கை வலையில் இருக்கும், காது கதையில் இருக்கும். என் கதை மட்டும் அங்கே எடுபடவில்லை. கொட்டாவி விட்டார்கள் என்று சவரியே வந்து சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. எழுத்தில் ஏதாவது புரியவில்லையா என்று கேட்டேன்.

"எல்லாம் பிரியுது மச்சான். தெரியாதவன் கடல்ல மாட்டிகினா நமக்கு இன்னா? தெரிஞ்சவன் மாட்டிகினாத்தான் பேஜாரு" என்றான்.

சொல்லிவிட்டு, என் பேரை வேணும்னா வச்சிக்கோ என்று சிரித்தான். வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் விஜயேந்திரனுக்குக் காய்ச்சல் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இரும்பு மீனைச் சவரிமுத்துவிடம் ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு வலை பழுது பார்க்கிற இடத்தில் உட்கார இடமில்லை. பையன்கள் முதல் கிழவர்கள் வரை அவனைக் கேப்டன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் பீடியைக் கொஞ்சம் ஸ்டைலாகப் பிடிக்க ஆரம்பித்தான்.

ரோசிக்கு மட்டும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவனின் பெயரை, மரம் மணலைத் தொடுகிறவரை கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். பெற்ற தாய்கூட ‘நம்ம ஆளு’ என்றுதான் சொல்லுவாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இதையெல்லாம் மூடத்தனம் என்று ரோசியிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் பெரிதாகச் சண்டை போடவில்லை. வாசிப்பு எப்போதும் சாயங்காலம், எல்லா மரமும் கரைக்கு வந்த பிறகு. சவரியே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். அதனால் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டாள்.

கச்சான் அடித்த அன்றைக்குத்தான் அந்த ஒழுங்கு தப்பிப்போனது. மரங்கள் காலையிலேயே திரும்பிவிட்டன. வேலை இல்லை. பத்திரிகை வந்திருந்தது. வாசிடா என்று யாரோ சொல்ல, ஒருவன் வாசிக்க ஆரம்பித்தான். இரும்பு மீன் பாறை இடுக்கில் சிக்கிவிட்டது, காற்றுத் தொட்டி உடைந்துவிட்டது, சவரிமுத்து மூச்சுக்குத் திணறுகிறான். வாசிக்கிறவன் நல்ல குரல்காரன். சவரிமுத்து, சவரிமுத்து என்று வரிக்கு வரி உரக்க வாசித்தான். பாதியில் ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, கேப்டன் மரம் வந்துச்சாடா என்று கேட்டார்.

வாசித்தவன் பத்திரிகையை அப்படியே மணலில் வைத்துவிட்டான். மீன்கூடையோடு பின்னால் நின்றுகொண்டிருந்த ரோசியை அதற்கப்புறம்தான் பார்த்தார்களாம்.

காலியான பட்டணம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் ஏன் மந்திர தந்திரத்தை அவ்வளவு வெறுத்தேன் என்பது தெரியாவிட்டால் அந்தத் திமிங்கலத்தை எழுதிய கஷ்டம் உங்களுக்குப் புரியாது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலம். எனக்கு மீசை சரியாக முளைத்திராத வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது. துறைமுக ஆட்கள் போகக்கூடாது என்று உத்தரவு. பட்டப்பகலில் ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை நடந்துபோவேன். கடையெல்லாம் சாத்தியிருக்கும். எதிரே ஒரு மனுஷன் வரமாட்டான். ஒரு வீட்டுக் கொடியில் காயப்போட்ட வேட்டி எடுப்பாரில்லாமல் வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு மனுஷனே இல்லாமல் போனால் பட்டணம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் முதல் கதையை எழுதினேன்.

அதே சமயத்தில் துறைமுகத்தில் தண்ணீருக்குள் இறங்கிச் சுவரைப் பழுதுபார்க்கிற ஒருவரைத் தினமும் பார்ப்பேன். தலையில் பெரிய செம்புத் தவலை மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, திருகி மாட்டிவிடுவார்கள். படகில் இரண்டு பேர் ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் குழாய் வழியாகக் கீழே காற்றுப் போகும். சுற்றுகிறவர்கள் பேசமாட்டார்கள், பீடி பிடிக்கமாட்டார்கள். தண்ணீரில் வருகிற குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். குமிழி கொஞ்சம் தாமதித்தால் எனக்கு மூச்சு முட்டும்.

கீழே இருக்கிறவனைக் காப்பாற்றுவது சாமியும் இல்லை, பூதமும் இல்லை, ஒரு சக்கரமும் இரண்டு கைகளும்தான் என்று அப்போதே மனசில் பதிந்துவிட்டது. தேவதை வந்து தூக்கிக்கொண்டு போகிற கதைகளைக் கூட்டங்களில் கிண்டலடித்தே கொஞ்சம் பெயர் வாங்கினேன். என் கதையில் ஒருவன் மாட்டிக்கொண்டால் எப்படி மாட்டினான், எத்தனை அடி ஆழம், எவ்வளவு காற்று மிச்சம் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். தப்பிக்க ஓட்டையே வைக்கமாட்டேன். அதில் எனக்கு ஒரு திமிர்.

பதில் சொல்லாத கேள்வி

வாசலில் நின்ற ரோசியிடம் இதையெல்லாமா சொல்ல முடியும்? கதை வேறு, கடல் வேறு என்று ஆரம்பித்தேன். காற்றின் திசை, நீரோட்டம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கதைன்னா கதைதான். பேரு அவருதுதானே" என்றாள். பிறகு, "அடுத்த வாரம் அவரு இன்னா ஆவறாரு?" என்று கேட்டாள்.

நான் சோற்றைப் பார்த்தேன். அடுத்த வாரத்து அத்தியாயத்தை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதில் சவரி, கூட வந்தவர்களுக்குச் செம்புக் கவசத்தை மாட்டி ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறான். தான் மட்டும் உள்ளே இருந்து காற்றுச் சக்கரத்தைச் சுற்றுகிறான். மேலே போனவர்கள் குழாயில் காற்று வருகிறவரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறார்கள். கடைசியில் காற்று நின்றுவிடுகிறது.

நான் எழுதியதிலேயே சிறந்தது அது. எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கியது. இன்றைக்கும் சொல்லுவேன், அதற்குப் பிறகு அப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

ரோசி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். வாசல் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் தட்டை நகர்த்திவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

மிளகாய் நெடி

பத்திரிகை ஆபீஸ் யானைக்கவுனியில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடி. மண்டியும் பத்திரிகையும் ஒருவருடையவைதான். தெற்கேயிருந்து வந்த வியாபாரி. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அங்கே தும்மாமல் படி ஏறினவர் கிடையாது. எங்கள் பத்திரிகையைப் பிரித்தாலே லேசாக வற்றல் நெடி வரும்.

டிராமில் போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மூடநம்பிக்கை கூடாது என்று நான் அண்ணாச்சிக்கே பிரசங்கம் செய்தவன். மேலே போனால், கம்பாசிட்டர் முனுசாமி அந்த அத்தியாயத்தை முழுக்க அச்செழுத்தில் கோத்து வைத்திருந்தார். படத்தை அச்சடிக்கிற பிளாக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் சவரியின் கை, அசையாமல் நிற்கிற சக்கரம்.

இதை நிறுத்த வேண்டும், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, இதைவிட என்னத்தை எழுதப் போகிறீர் என்று கேட்டார். பத்திரிகை நாளை மறுநாள் காலையில் மெஷின் ஏற வேண்டும். கோத்ததைப் பிரிக்க முடியாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. சவரி என் தங்கை புருஷன், அவன் இப்போது கடலில் இருக்கிறான், மரம் வரவில்லை என்று சொன்னேன். எனக்கே அது அவமானமாக இருந்தது.

அண்ணாச்சி அந்தப் பிளாக்கை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன்வே, உயிரோட இருக்கிற ஆளு பேரையா வச்சீரு?" என்றார். கோபமில்லை, பயந்துபோயிருந்தார். முனுசாமி பக்கம் திரும்பி, இவரு எழுத எழுத வாங்கிக் கோத்துருங்க என்றார். பழையதைப் பிரிக்க வேண்டாம், ஓரமாக இருக்கட்டும் என்றும் சொல்லிவைத்தார். வியாபாரி இல்லையா.

முனுசாமி பக்கத்தில் நின்றார். நான் பேனாவைத் திறந்தேன். திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வழி இல்லை. ஒரு வழியும் இல்லை. போன வாரம் எல்லாவற்றையும் நானே அடைத்திருந்தேன். பாறை நகராது என்று எழுதியது நான். தொட்டியை உடைத்தது நான். மேலே கப்பல் கிடையாது, சங்கிலி கிடையாது. செம்புக் கவசத்தில் வெளியேறலாம் என்றால், சக்கரம் சுற்ற ஒருவன் உள்ளே இருந்தே ஆக வேண்டும். படிக்கிறவன் எங்கேயும் ஓட்டை கண்டுபிடித்துவிடக்கூடாது என்று தேய்த்துத் தேய்த்துப் பூசியிருந்தேன். அந்த இரும்புக்குள் இப்போது என் தங்கை புருஷன் இருந்தான். மிளகாய் நெடியில் மூச்சு முட்டியது. மிளகாய் நெடிதானா என்றும் சந்தேகமாக இருந்தது.

"சார், நேரம் ஆவுது" என்றார் முனுசாமி.

எழுதினேன். ‘அப்போது இருளிலிருந்து மலை போன்ற ஒரு திமிங்கலம் வந்தது.’

முனுசாமி அந்த வரியை வாங்கிப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். எழுத்து அடுக்கப் போய்விட்டார். திமிங்கலம் பாறையை முட்டித் தள்ளியது. இரும்பு மீனை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. எனக்குக் கூசியது, ஆனால் கை நிற்கவில்லை. வெயில் சாய்வதற்குள் சவரியை மேலே கொண்டுவந்துவிட்டேன்.

சூசை

காசிமேட்டுக்கு நேரே போனேன். கடலில் தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். ரோசி குடிசை வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மேல வந்தாச்சு" என்றேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தலையை ஆட்டினாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முந்தின நாளிலிருந்து அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. நான் திரும்பும்போது சுவரோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சவரியோடு போன சூசையின் மனைவி. கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. என் கதையில் சூசை என்று ஒருவன் கிடையாதே.

மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போகாமல் மறுபடி யானைக்கவுனிக்கு ஓடினேன். இரும்பு மீனின் பின் அறையில் இத்தனை வாரமாக யார் கண்ணிலும் படாமல் ஒருவன் இருந்தான், பெயர் சூசை, அவனும் சவரியோடு நலமாக மேலே வந்தான் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். யார் சார் இந்தச் சூசை என்று முனுசாமி கேட்கவில்லை. அவர் கேட்காததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். வாசகர்கள் கேட்டார்கள், கொத்துக் கொத்தாகக் கேட்டார்கள்.

கல் மேல் இரண்டு

அன்று பிற்பகலில் வடக்கேயிருந்து கரையோரமாக இரண்டு பேர் நடந்து வருவதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள்.

கச்சான் அவர்களை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. துடுப்பு ஒன்று உடைந்துவிட்டது. மற்றொன்றையும் கையையும் வைத்து மாறி மாறித் தள்ளியிருக்கிறார்கள். காற்று விழுந்து கடல்காற்று எழும்பியதும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வடக்கே எங்கோ கரை ஏறி, அங்கிருந்து நடை. நான் போய்ச் சேர்ந்தபோது சவரி மணலில் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. ரோசி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுத்துப் பேசியிருப்பேன்.

அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டுமே என்று சாயங்காலம் போனேன். கேட்டதும் கைகூப்பினார். உடனே வியாபாரி விழித்துக்கொண்டார். என்னை அச்சுக்கூடத்துக்குள் கூட்டிப்போனார். கல் மேடையில் இரண்டு அத்தியாயமும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்திருந்தது. ஒன்றில் காற்றுச் சக்கரம். இன்னொன்றில் திமிங்கலம்.

"ஆளுதான் வந்துட்டாரே. இனி என்னவே பயம்? நல்லதையே போடுவோம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. காலையில் திமிங்கலம் மெஷின் ஏறினால் என் பெயர் கெடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கரித்துக்கொட்டக் காத்திருந்தவர்கள் பட்டணத்தில் பலர். பழையதைக் குனிந்து படித்தேன். ஈயத்தில் எழுத்துகள் தலைகீழாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வரியும் தெரிந்தது. ‘சக்கரம் நின்றது’ என்ற வரி வந்தபோது தோல் உரிந்த அந்த இரண்டு கைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. மனுஷன் அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்திருக்கிறான். அவனை மறுபடி நான் உள்ளே இறக்குவதா?

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை.

"திமிங்கலம்" என்றேன்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். முனுசாமி பழைய அத்தியாயத்தின் கட்டை அவிழ்த்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட ஆரம்பித்தார். என் வாழ்நாளின் நல்ல அத்தியாயம் டிக் டிக்கென்று பெட்டிக்குள் விழுந்ததை நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பத்திரிகை வந்தது. காசிமேட்டில் இந்தத் தடவை சவரியும் சூசையும் முன்னால் உட்கார்ந்த பிறகே வாசித்தார்கள். சூசை தன் பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டான். கேப்டனுக்குத்தான் திருப்தியில்லை.

"மச்சான், அதுல நானு இன்னா செஞ்சேன்? மீனு தூக்கினு வந்துச்சு, நானு குந்திகினு இருந்தேன்" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டான்.

சவரி அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தான். பேரப்பிள்ளைகளைப் பார்த்தான். சில வருஷத்துக்கு முன்னால் இருமலில் படுத்து, ஃபாதர் வந்து ஜெபம் சொல்ல, கட்டிலில்தான் கண்ணை மூடினான். போன மாதம் ஒரு பதிப்பாளர் வந்தார். ‘ஏழாவது ஆழம்’ புத்தகத்தை மறுபடி போடுகிறாராம். அந்தத் திமிங்கலத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பழைய அத்தியாயம் எனக்கு இன்னும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. சவரியும் இப்போது இல்லை, தடை ஒன்றும் கிடையாது. உட்கார்ந்து எழுதினேன். சக்கரம் வரைக்கும் வந்தேன்.

ரோசி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கண் தெரியவில்லை. இந்தப் பத்திரிகையை வாராவாரம் பேத்தி வாசிக்கக் கேட்கிறாள். இதையும் கேட்பாள்.

ரோசி, எழுதின காகிதத்தைக் கிழித்துவிட்டேன். புதுப் பதிப்பிலும் திமிங்கலம்தான். அவன் மேலேதான் இருக்கிறான்.